ஒழுங்கையை வரிவரியாக வாசிப்பது எப்படி

எங்கள் படலையிலிருந்து வைரவர் கோயில் வேம்பு வரை முந்நூறு மீற்றர் இருக்கும். யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் இப்படி எத்தனையோ ஒழுங்கைகள். ஒரு பக்கம் கிளுவை வேலி, மறுபக்கம் பாதி மதில், பாதி தகரம், நடுவில் செம்மண். காலையில் பால் வாங்கப் போகிறவர்கள் நாலு நிமிடத்தில் கடந்துவிடுவார்கள். எனக்கு முக்கால் மணி நேரம் வேண்டும். அவ்வளவு நேரம் வேலியோரம் நின்று என்ன செய்கிறேன் என்று அயலில் பலரும் கேட்டுவிட்டார்கள். தாங்களும் அப்படிப் பார்க்க வேண்டும், படம் எடுக்க வேண்டும் என்று சிலர் விரும்புகிறார்கள். அவர்களுக்காக எழுதுகிறேன்.

நான் 22 ஆண்டுகள் பத்திரிகை ஒன்றில் ஒப்புநோக்குநராக இருந்தேன். பிழை பிடிப்பதுதான் என் சாப்பாடு. முதல் மாதமே ஒன்று விளங்கிவிட்டது: பழகிய சொல்லைக் கண் வாசிப்பதில்லை, நினைவிலிருந்து எடுத்து நிரப்பிக்கொள்கிறது. 'யாழ்ப்பாணம்' என்ற சொல்லில் ஒரு 'ப்' விழுந்துபோயிருந்தாலும் கண் அதைத் தானாகவே போட்டுக்கொண்டு அடுத்த வரிக்கு ஓடிவிடும். பிறந்து வளர்ந்த ஒழுங்கையும் அப்படித்தான். தெரிந்த இடம் என்பதாலேயே நாம் அதைப் பார்ப்பதில்லை. அச்சகத்தில் கண்ணை நிறுத்தப் பழகிய அதே முறைகளைத்தான் ஓய்வு பெற்ற பிறகு வேலியில் பயன்படுத்துகிறேன்.

முதலில் இடத்தைச் சுருக்குங்கள். பூநாரைகளைப் பார்க்கச் சுண்டிக்குளம் போவது நல்ல காரியம். வருடத்தில் ஒருநாள் போய் வரலாம். ஆனால் கண் பழகுவது தினமும் நடக்கிற இடத்தில்தான். உங்கள் வீட்டிலிருந்து ஒரு முடக்கு வரை, அல்லது ஒரு மதவு வரை, அவ்வளவே போதும். ஒரு மாதத்துக்கு அதைத் தாண்டாதீர்கள். நேற்று இல்லாதது இன்று இருப்பது, நேற்று முழுதாக இருந்த இலை இன்று ஓரம் அரிபட்டிருப்பது, இவையெல்லாம் ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்ப வருகிறவருக்கு மட்டும் தெரியும்.

அடுத்தது அடிமட்டம். ஒப்புநோக்கும்போது வரிக்குக் கீழே அடிமட்டத்தை வைத்துக்கொள்வோம். அடுத்த வரி கண்ணை இழுக்காது. வேலியில் என் அடிமட்டம் மூன்று கதியால், அதாவது வேலிக்கு நட்டுத் துளிர்த்த தடிகள் மூன்று. மூன்று கதியாலுக்கு இடைப்பட்ட பகுதியை மட்டும் பார்ப்பேன். முதலில் அடிமண், பிறகு பட்டை, பிறகு இலையின் மறுபக்கம், கடைசியாகக் கொழுந்து. இந்த நாலில் இலையின் மறுபக்கத்தில்தான் ஊரே குடியிருக்கிறது. முட்டை, புழு, கூடு, வெயிலுக்கு ஒதுங்கிய அந்துப்பூச்சி எல்லாம் அங்கேதான் இருக்கும். ஆகவே கொஞ்சம் குனியுங்கள். குனிய முடியாதவர்கள் கைபேசியைத் தலைகீழாகப் பிடித்து இலைக்குக் கீழே நீட்டி ஒரு படம் எடுத்துப் பாருங்கள். என் முழங்கால் வலிக்கிற நாட்களில் நான் அப்படித்தான் செய்கிறேன்.

மூன்றாவது முறைதான் எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது. தலைப்புகளைச் சரிபார்க்கும்போது கடைசிச் சொல்லிலிருந்து முதற்சொல்லுக்கு வாசிப்போம். பொருள் அறுந்துபோவதால் எழுத்து மட்டும் கண்ணில் நிற்கும். அதேபோல ஒழுங்கையையும் திருப்பி நடந்து பாருங்கள். வழக்கமாகக் கோயில் பக்கம் போகிறவர்கள் ஒருநாள் கோயிலடியிலிருந்து தொடங்குங்கள். வெளிச்சம் மறுபுறமிருந்து வரும். போகும்போது வெறும் இலையாகத் தெரிந்தது வரும்போது நரம்பு நரம்பாக ஒளிர்ந்து, அதன் மேல் ஒட்டியிருக்கும் புழுவின் நிழலையும் காட்டும். எருக்கலையில் சிலந்தி வலை இருப்பதை இரண்டு வாரம் நான் கவனிக்கவே இல்லை. திரும்பி வந்த ஒரு காலையில், வலையின் நடுவே வெள்ளை நூலால் பெருக்கற்குறிபோலத் தைத்து, அதே கோடுகளில் கால்களைச் சோடி சோடியாக நீட்டிக்கொண்டு அந்தச் சிலந்தி இருந்தது.

வாய்விட்டுச் சொல்வதும் உதவும். அச்சகத்தில் ஒருவர் மூலப்படியைச் சத்தமாக வாசிக்க, மற்றவர் அச்சுப்படியைப் பார்ப்போம். நான் இப்போது பக்கத்து வீட்டு எட்டு வயதுச் சிறுமியைச் சனிக்கிழமைகளில் கூட்டிக்கொண்டு போகிறேன். அவள் கண் இருக்கும் உயரத்தில் என் கண் இல்லை. "அம்மம்மா, இந்த மண்ணில் யாரோ புனல் வைத்து எடுத்த மாதிரிக் குழி இருக்கிறது" என்று மதிலடியில் குழியானையைக் காட்டித் தந்தவள் அவள்தான். மழை படாத பொடிமண்ணில் புனல்போலக் குழி பறித்து, அடியில் புதைந்திருந்து, சறுக்கி விழும் எறும்பின் மேல் மண்ணை வாரி எறியும் புழு அது. வளர்ந்த பிறகு தும்பியைப் போன்ற சிறகுகளுடன் இரவில் பறக்கும். குழியை மேலிருந்து எடுத்தால் படத்தில் வெறும் மண்தான் தெரியும். வெயில் சாய்வாக விழும் நேரத்தில், ஒரு பக்கம் நிழலும் ஒரு பக்கம் ஒளியுமாக இருக்கும்போது எடுங்கள். ஆழம் தெரியும்.

இனி ஒன்றைக் கிட்ட நின்று சொல்கிறேன், படம் எடுப்பதில் எனக்குத் தெரிந்ததில் பாதியை அதில்தான் கற்றேன்.

முடக்கில் ஒரு அலரி நிற்கிறது. சிவப்புப் பூ. மழை தொடங்கியதும் அதன் இளம் இலைகளில் புழுக்கள் வரும். வெள்ளையும் கருஞ்சிவப்புமாக வளையம் வளையமாகப் பட்டி போட்ட உடல், முதுகில் கறுப்பு நூல்போலச் சோடி சோடியாகக் கொம்புகள். அலரியின் பால் நஞ்சு. இந்தப் புழுவோ அதையே தின்று, அந்த நஞ்சை உடலில் சேர்த்து வைத்துக்கொள்கிறது. குருவிகள் அதைக் கொத்தத் தயங்கும். நன்றாகக் கொழுத்ததும் இலையின் அடியில் தலைகீழாகத் தொங்கி, தோலைக் கழற்றிக் கூட்டுப்புழுவாகிவிடும். அந்தக் கூட்டுப்புழுதான் நான் சொல்ல வந்தது. பொன்னும் வெள்ளியும் கலந்து மெருகிட்ட பதக்கம்போல இருக்கும். நகைக்கடைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தாலும் வேறுபாடு தெரியாது. அதில் பொன்னும் இல்லை, பொன்னிறச் சாயமும் இல்லை. தோலில் மெல்லிய படைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருப்பதால், அவற்றில் பட்டுத் திரும்பும் ஒளி நமக்கு அப்படித் தெரிகிறது.

முதலில் எடுத்த படங்களில் ஒரு நீலக் கோடு வந்துகொண்டே இருந்தது. கூட்டின் நிறம்தான் அது என்று நினைத்திருந்தேன். பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அந்தப் பொன்னுக்குள் என் நீலச் சட்டை. இன்னும் கிட்டப் பார்த்தால் இரண்டு முழங்கையும், நடுவில் கைபேசியும்கூட. பளபளப்பான எதையும், வண்டின் முதுகோ நீர்த்துளியோ, எடுப்பதானால் மங்கலான நிறத்தில் உடுத்திக்கொண்டு போங்கள். பிளாஷ் போடாதீர்கள். நடுவில் ஒரு வெள்ளைப் பொட்டு விழுந்து மற்றெல்லாம் இருண்டுவிடும். திரையில் அந்தக் கூட்டின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் குவியம் அங்கே பூட்டிக்கொள்ளும். பிறகு விரலைக் கீழே இழுத்து வெளிச்சத்தைக் கொஞ்சம் குறையுங்கள். தும்பை, மல்லிகை, நந்தியாவட்டை போன்ற வெள்ளைப் பூக்களுக்கும் இதே விதிதான். குறைக்காவிட்டால் இதழின் மடிப்பெல்லாம் அழிந்து வெறும் சுண்ணாம்புத் திட்டாக வரும்.

முதல் ஆண்டில் ஒரு தவறு செய்தேன். வெளிச்சம் போதவில்லை என்று கூடு தொங்கிய கொப்பை முறித்து வீட்டுக்குக் கொண்டுவந்து, ஒரு கண்ணாடிப் போத்தலில் சாய்த்து வைத்தேன். இரண்டு நாளில் வண்ணத்துப்பூச்சி வெளியே வந்தது. வெளியே வந்ததும் அது எதையாவது பற்றித் தொங்க வேண்டும்; தொங்கினால்தான் கசங்கிய சிறகுக்குள் உடல்நீர் பாய்ந்து விரியும். வழுக்குகிற கண்ணாடியில் அதற்குப் பிடி கிடைக்கவில்லை. சிறகு மடிந்தபடியே காய்ந்துவிட்டது. சீனித் தண்ணீர் தொட்டு வைத்தேன். இரண்டு நாள் இருந்தது. அதன் பிறகு படத்துக்காக எதையும் இடம் மாற்றியதில்லை. இலையை வளைத்துக்கட்டுவது, கூட்டைத் திருப்பி வைப்பது, புழுவை அழகான பூவில் ஏற்றிவிடுவது எதுவுமே வேண்டாம். வெளிச்சம் சரியில்லையென்றால் வெளிச்சம் சரியாகும்வரை காத்திருங்கள், அல்லது நாளைக்கு வாருங்கள்.

காத்திருப்பவர்களுக்கு அந்த அலரி நிறையத் தரும். ஒரு வாரம் பத்து நாள் கழித்து ஒரு மாலை பொன்னிறம் மங்கிக் கறுக்கத் தொடங்கும். கூட்டின் தோல் கண்ணாடிபோலாகி, உள்ளே மடித்து வைத்த சிறகின் வெள்ளைப் புள்ளிகள் தெரியும். பெரும்பாலும் அடுத்த காலையில் வெளியே வந்துவிடும். அலரியைத் தொட்டால் வீடு வந்ததும் கையைக் கழுவுங்கள். குழந்தைகள் கூட வந்தால் அவர்கள் கையையும் கழுவிவிடுங்கள்.

கருவியைப் பற்றிக் கேட்பவர்களுக்குச் சொல்ல அதிகமில்லை. என்னிடம் இருப்பது சாதாரணக் கைபேசி. புறப்படும் முன் லென்ஸைப் பருத்தித் துணியால் துடையுங்கள். மங்கலாக வரும் படங்களுக்குப் பாதிக் காரணம் அதில் படிந்த கை எண்ணெய்தான். பூச்சியின் மூக்குவரை கைபேசியைக் கொண்டுபோனால் பூச்சியும் பறந்துவிடும், குவியமும் கிடைக்காது. ஒரு சாண் தூரத்தில் நின்று இரண்டு மடங்கு பெரிதாக்கி எடுங்கள். முழங்கைகளை விலாவோடு அணைத்து, மூச்சை வெளியே விட்டு, அந்த இடைவெளியில் பொத்தானை அழுத்துங்கள். ஒரே கணத்தில் பல படங்களை எடுக்கும் வசதி இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். பத்தில் ஒன்று தேறும். பின்னணியைப் பார்க்க மறக்காதீர்கள். வெயிலில் நிற்கும் பூவுக்குப் பின்னால் மதிலின் நிழல் வரும்படி ஒரு அடி தள்ளி நின்றால் போதும், பூ தனியாக எழுந்து நிற்கும். வெயில் கடுமையாக இருந்தால் வெள்ளைக் குடையை விரித்துப் பூவுக்குப் பிடியுங்கள். நிழல் பக்கம் இருட்டாக இருந்தால் ஒரு வெள்ளைத் தாளை மறுபுறம் பிடியுங்கள். அளவு தெரிய வேண்டுமானால் பக்கத்தில் ஒரு ஈர்க்கையோ ஐந்து ரூபாக் குற்றியையோ வைத்து ஒரு படம் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

நேரம் முக்கியம். காலையில் வெயில் ஏறும் முன்னும், மாலையில் வெயில் சாய்ந்த பின்னும் போங்கள். சித்திரைப் புத்தாண்டை ஒட்டியும் மறுபடி ஆவணி நடுப்பகுதியிலும் நண்பகலில் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே நிற்கும். நிழல் காலடிக்குள் ஒடுங்கிவிடும். அந்நேரத்தில் எடுக்கும் படத்தில் எந்தப் பூவும் தட்டையாகத்தான் வரும். வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை சோளகம் வீசும். காற்றில் ஆடுகிற பூவைப் பிடிக்கவே முடியாது, ஆகவே அந்த மாதங்களில் காற்று எழும்ப முன், விடியற்காலையிலேயே போய்விடுங்கள். அல்லது அசையாததை எடுங்கள்.

அசையாதது என்றால் கல். நம் குடாநாடே சுண்ணாம்புக்கல்லின் மேல் இருக்கிறது. கடலடியில் படிந்து இறுகிய மயோசீன் காலத்துக் கல், ஒரு கோடி ஆண்டுக்கும் மேற்பட்டது. பழைய மதில்களிலும் கிணற்றுக் கட்டுகளிலும் பூச்சு உதிர்ந்த இடங்களைத் தேடுங்கள். எங்கள் ஒழுங்கையில் பாழடைந்த வீடொன்றின் மதிலில், என் சுட்டுவிரல் நகத்தளவில், விசிறிபோல வரிகள் விரிந்த ஒரு சிப்பியின் அச்சு இருக்கிறது. கடலிலிருந்து பல கிலோமீற்றர் தள்ளி, செம்மண் தோட்டத்துக்கு நடுவில். பகலில் பார்த்தால் தெரியாது. மாலை இருட்டியதும் ரோர்ச்சைக் கல்லோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தேன், வரிகள் எல்லாம் நிழலோடு எழுந்து வந்தன. எத்தனை வருடம் அந்த மதிலில் சைக்கிளைச் சாத்திவிட்டுப் போயிருக்கிறேன்!

ஐப்பசியில் முதல் மழை விழுந்ததும் எல்லா வேலையையும் ஒதுக்கிவிட்டுப் புறப்படுங்கள். ஈசல் எழும்பும். தோட்டத்து வரம்புகளில் தம்பளப்பூச்சி வரும். சின்ன வயதில் நெருப்புப்பெட்டிக்குள் இலை போட்டு வைத்திருந்தோமே, அந்தச் சிவப்புப் பட்டுத் துணி போர்த்திய உயிர். கால்களை எண்ணிப் பாருங்கள், எட்டு இருக்கும். பூச்சி என்று பெயர் பெற்றாலும் அது சிலந்திக்கும் தெள்ளுண்ணிக்கும் உறவு. தொட்டால் கால்களை உள்ளே இழுத்துக்கொண்டு உருண்டையாகிவிடும், ஆகவே தொடாதீர்கள். படம் எடுப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது: செம்மண்ணில் சிவப்புப் பூச்சி, திரையில் இரண்டும் ஒன்றாகக் குழம்பிவிடும். அது ஏதாவது புல்லிலோ உதிர்ந்த இலையிலோ ஏறும்வரை பின்னாலேயே இருங்கள். கைபேசியை மண்ணோடு மண்ணாகத் தலைகீழாக வைத்து, அதன் முகத்துக்கு நேரே எடுத்தால் அந்தப் பட்டு மயிர் ஒவ்வொன்றும் தெரியும்.

கார்த்திகைப் பூவும் அப்போதுதான். வேலிக்குள்ளிருந்து இலை நுனியையே கையாக்கிப் பற்றிக்கொண்டு மேலே வரும். பூ விரியும்போது பச்சையும் மஞ்சளும், நாள் போகப் போகச் சிவப்பு. எல்லோரும் இதழை எடுப்பார்கள். பக்கவாட்டில் மடிந்து கிடையாக நீட்டி நிற்கும் சூல்தண்டைப் பாருங்கள், அப்படி ஒரு வளைவை வேறு பூவில் நான் காணவில்லை. கிழங்கு கடும் நஞ்சு, கிளறாதீர்கள்.

மழை இல்லாத மாதங்களில் ஒன்றும் இல்லை என்று நினைக்க வேண்டாம். ஒரே ஒரு பூவரசம் பூவை எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் மஞ்சள், உள்ளே அடியில் கருஞ்சிவப்பு. அதே பூவை மாலையிலும் மறுநாளும் பாருங்கள், வாடும்போது செம்மையாக மாறிவிடும். ஒரே இடத்தில் நின்று ஒரே கொப்பை மூன்று வேளை எடுத்து வரிசையாக வைத்துப் பார்த்தால், ஒரு பூவின் ஆயுள் முழுவதும் உங்கள் கையில் இருக்கும். மாசியில் இலை கொட்டிய முள்முருக்கில் சிவப்புப் பூ வந்தால் புலுனிக் கூட்டமும் மைனாவும் தேன் குடிக்க வரும். மார்கழி விடியலில் வலை எல்லாம் பனி கோத்திருக்கும். சுவர் மூலையில் மண்கூடு கட்டும் குளவியை எந்த மாதத்திலும் பார்க்கலாம். 'குளவி கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும்' என்று சொல்லி வந்தோம். குளவி புழுவைக் கொட்டி அசையாமல் செய்து கூட்டுக்குள் அடைக்கிறது, அதோடு ஒரு முட்டையும் இடுகிறது. முட்டையிலிருந்து வருவது அந்தப் புழுவைத் தின்று வளர்ந்து குளவியாகி வெளியே வருகிறது. நம் முன்னோர் புழு உள்ளே போவதையும் குளவி வெளியே வருவதையும் கூர்ந்துதான் பார்த்திருக்கிறார்கள். கூட்டுக்குள் நடந்ததை மட்டும் அவர்களால் பார்க்க முடியவில்லை.

கமெராவை நீட்டும் முன் வேலிக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பல வீடுகளில் கிணற்றடி வேலியோரமாகத்தான் இருக்கும். குளிக்கிற நேரத்தில் அந்தப் பக்கம் கைபேசியை உயர்த்துவது பெரிய பிழை, நீங்கள் இலையைத்தான் எடுக்கிறீர்கள் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? நான் முதலில் படலையில் நின்று குரல் கொடுப்பேன். "என்ன பிள்ளை, எங்கள் வேலியில் என்ன தேடுகிறாய்?" என்று கேட்ட ஆச்சி ஒருவர், நான் கூட்டைக் காட்டிய பிறகு, வேலி கத்தரிக்க வந்தவரிடம் அந்த அலரிக் கொப்பை மட்டும் விட்டுவிடச் சொன்னார். முகாம்கள், சோதனைச் சாவடிகள் இருக்கும் திசையில் கமெராவைத் திருப்பாதீர்கள். ஆட்களில்லாத வளவுகளுக்குள் தனியாக இறங்காதீர்கள்; புல் மூடிய, கட்டில்லாத கிணறுகள் உண்டு. சருகுக்குள்ளும் கல் இடுக்கிலும் கை விடாதீர்கள், சுருட்டையும் புடையனும் நம் ஊரில் தாராளம். குருவி முட்டையில் இருந்தால் ஒரு படம் எடுத்துக்கொண்டு விலகிவிடுங்கள். நாம் நின்றால் காகமும் அங்கே பார்க்கும்.

வீட்டுக்கு வந்ததும் தேத்தண்ணீர் போட முன்னரே படங்களைத் தெரிவு செய்யுங்கள். நாளைக்கு என்று வைத்தால் குவிந்துவிடும். ஒரு நாளுக்கு இரண்டு படத்துக்கு மேல் நான் வைத்துக்கொள்வதில்லை. அதோடு ஒரு கொப்பியில் திகதி, இடம், கண்டது என்று ஒரு வரி எழுதுவேன். பெயர் தெரியாவிட்டால் பெயருக்கு வெற்றிடம் விட்டு, நிறத்தையும் எந்தச் செடியில் இருந்தது என்பதையும் எழுதுங்கள். புழுவின் பெயரைக் கண்டுபிடிக்கச் செடியின் பெயர் பாதி வழி. ஐநேச்சுரலிஸ்ட் போன்ற செயலியில் படத்தைப் போட்டால் அறிவியற் பெயரை ஊகித்துத் தரும், பிழையாகவும் தரும், ஆகவே மற்றவர்கள் உறுதி செய்யும்வரை பென்சிலால் எழுதிவையுங்கள். ஊரில் என்ன சொல்வார்கள் என்பதை வயதானவர்களிடம் கேட்டு அதன் பக்கத்தில் எழுதுங்கள். தம்பளப்பூச்சி என்ற சொல்லை அந்தச் சிறுமி என்னிடமிருந்துதான் முதன்முதலாகக் கேட்டாள்.

இன்று கொப்பியில் எழுதியது: அலரியில் மூன்று கூடு. இரண்டு பொன்னாகவே இருக்கின்றன. ஆச்சி வீட்டுப் பக்கத்துக் கொப்பில் இருப்பது மாலையில் கறுத்துவிட்டது, புள்ளிகள் தெரிகின்றன. சிறுமியின் தாயிடம் சொல்லிவிட்டேன், நாளை பள்ளிக்கூடம் போக முன் ஆறு மணிக்கே அவளைப் படலைக்கு அனுப்புவார்.